சக்கரக் குழியின் நீல வெளிச்சம்

"நாந்தான் துரை" என்று பலவேசம் சொன்னபோது தேவசிகாமணி அவனுக்கு ஒரு முழம் தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்திருக்கலாம். "அவனில்லை துரை, சொன்னது நான்." நாலே வார்த்தை. பஞ்சாலையில் எந்திரம் பார்க்கிற தலைமை பிட்டர், பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், இங்கிலீஷே பேசுகிற ஆளுக்கு இந்த நாலு வார்த்தை தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் பண்ணச் சொன்னால் கால்மணி நேரம் நிறுத்தாமல் பண்ணுகிற வாய் அது. அந்தப் புதன்கிழமை மட்டும் அதில் கொழுக்கட்டை அடைத்துக்கொண்டது.

அந்தப் பஞ்சாலை ஆழ்வார்குறிச்சிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருந்தது. கடனா ஆற்றிலிருந்து கால் வெட்டிக் கொண்டுவந்த தண்ணீரை ஓர் ஆழமான குழிக்குள் விடுவார்கள். குழிக்குள் இருக்கிற டர்பைன் சுற்றும். அது சுற்றினால்தான் மேலே நூல் நூற்கிற கதிர்கள் சுற்றும். டர்பைன் என்று துரைமார் மட்டும்தான் சொல்வார்கள், மற்றவர்களுக்கு அது சக்கரம். நல்ல வெண்கலத்தில் வார்த்தது, வளைந்த இதழ்கள் கொண்டது, சீமையிலிருந்து தூத்துக்குடிக்குக் கப்பலில் வந்தது. பதினேழு வருஷமாக அதைப் பார்த்துக்கொண்டவர் தேவசிகாமணி. அவருக்குக் கைக்கு உதவி பலவேசம்.

வருஷத்துக்கு இரண்டு தடவை அந்தத் தண்ணீர்க்காலை அடைத்துத் தூர் வாருவார்கள். அப்போது இவர்கள் இரண்டு பேரும் குழிக்குள் இறங்கிச் சக்கரத்தைத் தேய்ப்பார்கள். எதைக்கொண்டு தேய்ப்பார்கள் என்கிறீர்கள்? வீட்டில் பெண்கள் வெண்கலப் பானையைத் தேய்ப்பதற்கு என்ன வேண்டுமோ அதுதான். பழம்புளி, செங்கல் பொடி, தேங்காய் நார். சீமையில் எதைப் போட்டுத் தேய்ப்பார்களோ தெரியாது. இங்கே புளி போட்டுத் தேய்த்த சக்கரம் பதினேழு வருஷமாகப் பளபளவென்றுதான் இருந்தது.

இந்தத் தடவை தண்ணீரை இறைத்துவிட்டுப் பார்த்தபோது இதழ்களின் அடிப்புறத்தில் பொத்தல். ஒன்றிரண்டு இல்லை, இட்லித் துணியில் ஒட்டிக்கொண்டு வந்த இட்லியின் அடி மாதிரி சொரசொரவென்று குழி குழியாக இருந்தது. சிலது சுண்டுவிரல் நுழைகிற ஆழம். தேவசிகாமணிக்கு முதலில் வந்தது பயமில்லை, வெட்கம். நம் கையில் இருந்த பாத்திரம் களிம்பேறிப் போயிற்றே என்று வீட்டுக்காரிக்கு வருகிற வெட்கம். துரையிடம் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "ஏலே, நல்ல கறுத்த புளியாப் பாத்து வாங்கிட்டு வந்து குழியெல்லாம் அப்பி விடு. ஒரு ராத்திரி கெடக்கட்டும். களிம்பெல்லாம் கழண்டுரும்" என்றார். பலவேசம் அப்பினான்.

மறுநாள் காலையில், வராத நாளில் வந்தார் லோகன் துரை. ஆலையின் எஞ்சினீயர் அவர். கையில் விளக்கோடு குழிக்குள் இறங்கி, இதழின் அடியில் கையை விட்டார். விரலில் புளி ஒட்டிக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தார், நாக்கில் வைத்துப் பார்த்தார், துப்பினார். ஆசிட் என்றார். யார் இதை வைத்தது என்று கேட்டார். அப்போதுதான் பலவேசம் நாந்தான் என்றான். தேவசிகாமணி அண்ணாச்சி சொல்லித்தான் செய்தேன் என்று அவன் சொல்லவில்லை. அது அவன் குணம். அண்ணாச்சி மூச்சு விடவில்லை. அது அவர் குணமில்லை. ஆனாலும் அன்றைக்கு அப்படித்தான் ஆயிற்று.

வேறு வருஷமாக இருந்திருந்தால் இரண்டு அதட்டலும் ஒரு நாள் சம்பளப் பிடிப்புமாகப் போயிருக்கும். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொன்று. மணியாச்சி ஸ்டேஷனில் கலெக்டரைச் சுட்டு நாலு மாசம்கூட ஆகவில்லை. ஜில்லா முழுக்க வெள்ளைக்காரருடைய பொருளில் ஒரு கீறல் விழுந்தாலும் போலீஸ் வந்து நிற்கும். பலவேசத்தின் மச்சினன் ஒருத்தன் மூன்று வருஷத்துக்கு முன் திருநெல்வேலிக் கலகத்தில் கல்லெறிந்து ஆறு மாசம் உள்ளே இருந்தவன். போதாதா? சாயங்காலத்துக்குள் பலவேசத்தை அம்பாசமுத்திரம் போலீஸ் கச்சேரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். திங்கட்கிழமை காலை ரயிலில் திருநெல்வேலிக்கு அனுப்பப் போவதாகவும், அங்கே போய்விட்டால் கலெக்டர் கொலைச் சதி வழக்கில் சேர்த்துவிடுவார்கள் என்றும் ஆலை குமாஸ்தா வந்து சொன்னார். சதி வழக்கில் போனவன் திரும்பி வருவதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல என்ன இருக்கிறது.

அன்று ராத்திரி தேவசிகாமணி சாப்பிடவில்லை. அவர் மனைவி கெசியா தட்டை இரண்டு தடவை வைத்து இரண்டு தடவை எடுத்தாள். நான் போய்ச் சொன்னால் என்ன ஆகும் என்று அவர் தனக்குத்தானே கணக்குப் போட்டார். சொன்னால் அவனை விட மாட்டார்கள், என்னையும் சேர்த்துப் பிடிப்பார்கள். இரண்டு பேரும் உள்ளே போனால் யாருக்கு என்ன பிரயோசனம்? புளி வெண்கலத்தைத் தின்னாது என்று காட்ட வேண்டும். எது தின்றது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் வழி. நியாயமான கணக்குதான். கோழைக்கும் நியாயமான கணக்கு வரும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் தூக்கம் வரவில்லை.

வியாழக்கிழமை சக்கரத்தை மறுபடி ஓட்டினார்கள். பொத்தலோடுதான், வேறு சக்கரம் ஏது? ஆலை வாசலில் பலவேசத்தின் மனைவி அன்னத்தாய் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவும் இல்லை, யார் காலிலும் விழவும் இல்லை. உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள். தேவசிகாமணி வரும்போது மட்டும் எழுந்து நிற்பாள். அந்த மரியாதையைப் பார்க்க முடியாமல் அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவார்.

அவர் தன் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு குழிக்குள் போனார். சக்கரம் ஓடும்போது தண்ணீர் அதன் இரும்புக் கூட்டுக்குள்தான் போகும், கூட்டுக்கு வெளியே ஆள் நிற்க இடமுண்டு. இரண்டடிக் கம்பி, ஒரு நுனியைச் சக்கரத்தின் கூட்டில் வைத்து மறுநுனியைப் பல்லில் கடித்துக்கொண்டால் உள்ளே நடக்கிறதெல்லாம் மண்டைக்குள் கேட்கும். காதால் கேட்பதைவிடத் துல்லியம். ஆலையில் அவரும் பலவேசமும் அப்படித்தான் கேட்பார்கள். கேட்டார். சரளைக் கல் கொட்டுகிற சத்தம். கொஞ்ச மாசமாகவே அந்தச் சத்தம் உண்டு. ஏதோ மணல் வருகிறது என்று மதகில் கம்பிவலை போட்டுப் பார்த்திருந்தார். ஒரு கல்லும் சிக்கவில்லை. கல் இல்லாமல் கல் சத்தம் எங்கிருந்து வரும்?

எப்போதிலிருந்து என்று யோசித்தார். அவருக்குத் திக்கென்றது. கோடையில் லோகன் துரை கழிவாய்க்காலின் தரையை மூன்றடி வெட்டி ஆழப்படுத்தினார். சக்கரத்தைச் சுற்றிவிட்டுத் தண்ணீர் வெளியேறுகிற வாய்க்கால் அது. வெளியே தண்ணீர் தாழ்ந்தால் வீழ்ச்சி கூடும், வீழ்ச்சி கூடினால் பலம் கூடும். கூடத்தான் செய்தது. நாற்பது குதிரைபலம் கூடியது என்று கம்பெனியார் கிளாஸ்கோவிலிருந்து பாராட்டிக் கடிதம் எழுதினார்கள். துரை அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டினார். சரளைச் சத்தம் அந்த வாரம்தான் ஆரம்பித்தது.

பாளையங்கோட்டையில் படிக்கும்போது பார்த்த ஒன்று அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு கண்ணாடிக் குழல். பாதித் தண்ணீர், மீதி ஒன்றுமில்லை. காற்றைக்கூட எடுத்துவிட்டு வாயை உருக்கி அடைத்தது. அதைக் கவிழ்த்து நிமிர்த்தினால் தண்ணீர் அடியில் வந்து விழுகிறபோது டக்கென்று சுத்தியல் அடித்த சத்தம் வரும். இடையில் காற்று இருந்தால் அது மெத்தை மாதிரித் தாங்கும், இல்லாததால் தண்ணீர் கல்லைப் போல அடிக்கிறது என்று வாத்தியார் சொன்னார். ஒரு நாள் ஒரு பையன் வேகமாக உதறினான், அடிக் கண்ணாடி தெறித்துப் போயிற்று. தண்ணீர் கண்ணாடியை உடைத்ததை அவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்.

சக்கரத்துக்குக் கீழே ஒரு பெரிய இரும்புக் குழாய் கழிவாய்க்காலுக்கு இறங்குகிறது. வெளியே தண்ணீரைத் தாழ்த்தினால், குழாயில் இறங்குகிற தண்ணீர் மேலே உள்ள தண்ணீரை இன்னும் பலமாக இழுக்கும். இழுப்புத் தாங்காமல் தண்ணீர் கிழிந்தால்? கிழிந்த இடத்தில் குமிழி வரும். உள்ளே ஒன்றுமில்லாத குமிழி. அது ஒரு விரற்கடை தள்ளிப் போனதும் சுற்றிலும் இருக்கிற தண்ணீர் அதை நசுக்கி மூடும். மூடுகிறபோது சுத்தியல் அடி. ஒரு நாளைக்குக் கோடி அடி, ஒரே இடத்தில். வெண்கலமென்ன, வைரமே பொடியாகும். வியாழக்கிழமை ராத்திரி முழுக்க இதை நினைத்து நினைத்து அவருக்கு ஜுரம் வந்த மாதிரி இருந்தது. சரி, துரையிடம் எதைக் காட்டுவது? ஒன்றுமில்லாத குமிழியைப் பிடித்துத் தட்டில் வைத்தா காட்ட முடியும்?

வெள்ளிக்கிழமை மத்தியானம் மறுபடி குழிக்குள் போனார். கீழ்க்குழாயின் வளைவில் உள்ளங்கையகலத்துக்கு ஒரு தடித்த கண்ணாடி பதித்திருக்கும், உள்ளே தண்ணீர் எப்படிப் போகிறது என்று பார்க்க. விளக்கைப் பிடித்துப் பார்த்தார். வெள்ளை நுரை, வேறொன்றும் தெரியவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து தண்ணீர் சொட்டி விளக்கு அணைந்தது. தீப்பெட்டியும் நனைந்துவிட்டது. குழியின் இரும்புக் கதவு சாத்தியிருந்தது, பகல் பன்னிரண்டு மணிக்கு அமாவாசை இருட்டு. எழுந்து போகலாம். போய் என்ன செய்வது, வாசலில் அவள் எழுந்து நிற்பாள். இருட்டிலேயே உட்கார்ந்தார். ஆண்டவரே ஆண்டவரே என்பதற்கு மேல் ஜெபமும் வரவில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது. தலையைத் தூக்கிப் பார்த்தபோது கண்ணாடிக்குள் வெளிச்சம் இருந்தது.

கண்ணை மூடித் திறந்தார். இருந்தது. நகர்ந்து உட்கார்ந்து பார்த்தார். அப்போதும் இருந்தது, அதே இடத்தில். நேரே உற்றுப் பார்த்தால் மங்கியது, ஓரக்கண்ணால் பார்த்தால் நின்றது. இதழ்களின் அடிப்புறம் வந்து வந்து போகிற இடத்தில், புளி அப்பிய குழிகள் எங்கே உண்டோ அங்கேயே ஒரு கை நீளத்துக்கு நீலம். கல்லும் கல்லும் மோதினால் பொறி பறக்கும், அது தெரியும். தண்ணீரும் தண்ணீரும் மோதினால் பொறி பறக்குமா? எந்தப் புஸ்தகத்திலும் அவர் படித்ததில்லை. ஆனால் நெருப்பு இல்லாத இடத்தில், விளக்கு இல்லாத இடத்தில், வெறும் தண்ணீருக்குள் அது எரிந்துகொண்டிருந்தது.

பைத்தியம் பிடித்துவிட்டதோ என்றும் ஒரு பயம். இரண்டு ராத்திரி தூக்கமில்லாதவன் கண்ணுக்கு என்னதான் தெரியாது? இன்னொரு ஆள் பார்க்க வேண்டும். என்ன பார்க்கப் போகிறோம் என்று தெரியாத ஆள். என்ன நிறம் என்று நான் சொல்லக் கூடாது, அவர்களாகச் சொன்னால் நிஜம். இப்படி யோசித்தவர் நேரே வாசலுக்குப் போய் அன்னத்தாயைக் கூப்பிட்டார். மேலே ஆலையில் நாலு பேர் பார்த்தார்கள், தலைமை பிட்டர் இன்னொருவன் பெண்டாட்டியைக் குழிக்குள் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்துகிறார் என்று. பேசட்டும். அந்த நேரத்தில் அவருக்கு அது உறைக்கவில்லை.

கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் வேண்டும். இரண்டு பேரும் நாலடி தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தார்கள். சக்கரத்தின் சத்தத்துக்கு மேலே சத்தம் போட்டால்தான் பேச்சு கேட்கும்.

"அண்ணாச்சி" என்றாள் அன்னத்தாய். "நான் ஒண்ணு கேக்கட்டுமா? எங்க வீட்டுக்காரரு தானா ஒரு ஆணியக்கூடத் திருக மாட்டாரு. அந்தப் புளிய யாரு அப்பச் சொன்னா?"

இருட்டில் அவள் முகம் தெரியவில்லை, அதற்காக அவர் ஆண்டவருக்கு நன்றி சொன்னார். "நாந்தான்" என்றார்.

"கேக்கலியே."

"நாந்தான்."

"சத்தமாச் சொல்லுங்க அண்ணாச்சி."

"நாந்தான் அன்னத்தாயி, நாந்தான் சொன்னேன்" என்று தொண்டை கிழியக் கத்தினார். புதன்கிழமை காலையில் மெல்லச் சொல்லியிருக்க வேண்டியதை வெள்ளிக்கிழமை மத்தியானம் குழிக்குள் உட்கார்ந்து கத்தினார். கத்தியதும் அழுகை வந்தது. அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ரொம்ப நேரம் கழித்து அவள் குரல் வந்தது.

"அங்கன என்னமோ நீலமாத் தெரியுது அண்ணாச்சி. அத எதுக்கு எனக்குக் காட்டுதிய?"

"அதுதான் உம் புருசன வெளிய கொண்டாரப் போவுது" என்றார்.

சனிக்கிழமை காலையில் லோகன் துரையின் ஆபீசுக்குப் போனார். ஆலைக்குள் எஞ்சினீயர் முன்னால் உட்காரும் வழக்கமில்லை, நின்றுகொண்டே இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னார். குமிழி, கண்ணாடிக் குழல், கழிவாய்க்கால் எல்லாம். கழிவாய்க்கால் என்றதும் துரையின் முகம் கடுத்தது. வெளிச்சம் ஒன்று தெரிகிறது, வந்து பாருங்கள் என்று கெஞ்சினார். நிறத்தைச் சொல்லவில்லை. துரை வந்தார். லாந்தரோடு வந்தார். கண்ணாடிக்குள் விளக்கைக் காட்டி இரண்டு நிமிஷம் பார்த்துவிட்டு, நுரை என்று சொல்லித் திரும்பினார்.

தேவசிகாமணி குறுக்கே போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார். பதினேழு வருஷத்தில் ஒரு துரைக்கு முன்னால் அவர் அப்படி நின்றதில்லை. விளக்கை அணைத்துவிட்டு அரைமணி நேரம் உட்காருங்கள், ஒன்றும் தெரியாவிட்டால் நீங்கள் நீட்டுகிற காகிதத்தில் எதுவென்றாலும் கையெழுத்துப் போடுகிறேன், ஆசிட் ஊற்றியது நான்தான் என்று வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன் என்றார். துரை கொஞ்ச நேரம் அவரையே பார்த்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு லாந்தரை அணைத்தார். சும்மா சொல்லக் கூடாது, அந்த ஆளும் இரும்பைத் தொட்டுப் பிழைக்கிறவர்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் போவது அவருக்கும் பிடிக்காது.

இருட்டு. சத்தம். துரை இரண்டு தடவை இருமினார். தேவசிகாமணிக்கு இன்றைக்கென்று அது வராமல் போய்விடுமோ என்று இருந்தது. வந்துவிட்டது. அவர் கண்ணுக்கு வந்துவிட்டது. துரை அசையவில்லை. பத்து நிமிஷம், கால்மணி. கோட்டு உரசுகிற சத்தம் கேட்டது, துரை முன்னால் சாய்ந்து கண்ணாடியிடம் முகத்தைக் கொண்டுபோகிறார்.

"நீலம்" என்றார் துரை, இங்கிலீஷில், தனக்குத்தானே பேசுகிறவர் மாதிரி. பிறகு சத்தமாக, "இந்த நீலம் எத்தனை நாளாக இருக்கிறது?"

தேவசிகாமணிக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. வெளிச்சத்தை நேற்றுத்தான் கண்டேன், சத்தம் மட்டும் கழிவாய்க்காலை வெட்டிய வாரத்திலிருந்து உண்டு என்றார். வாய்க்காலின் வாயில் இரண்டு பலகையைக் குறுக்கே போட்டுத் தண்ணீரை இரண்டடி ஏற்றிப் பாருங்கள், சத்தமும் நிற்கும், இதுவும் நிற்கும், வெண்கலமும் பிழைக்கும் என்றார். ஒரே மூச்சில் சொன்னார். துரை எழுந்து தடவித் தடவிக் கதவைத் திறந்தார். பகல் வெளிச்சம் கண்ணில் அறைந்தது.

ஆபீசில் துரை கையைக் கழுவித் துடைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். தேவசிகாமணி நின்றார். தான் ஒன்றும் பார்க்கவில்லை என்றார் துரை. இருட்டில் வெகுநேரம் கிடந்தால் கண் இல்லாததையெல்லாம் காட்டும், அது வைத்தியர்களுக்குத் தெரிந்த விஷயம் என்றார்.

"நீலம் என்றீர்களே துரை" என்றார் தேவசிகாமணி. "நான் நிறம் சொல்லவில்லையே."

துரையின் கண் ஒரு நொடி சுவருக்குப் போயிற்று, சட்டம் போட்ட கடிதத்துக்கு. தேவசிகாமணியும் அதைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு முழுதும் விளங்கியது. சக்கரத்தைத் தின்றது நீலம் என்றால், நீலத்தை வரவழைத்தது கழிவாய்க்கால். கழிவாய்க்காலை வெட்டியது துரை. இந்த வெளிச்சத்தைத் துரை பார்க்காமல் இருந்தால்தான் துரைக்கு நல்லது. மடையன் நான், என்று நினைத்தார், பார்த்துவிட்டால் ஒப்புக்கொள்வான் என்று நம்பினேனே. வாயடைத்து நிற்கிற வேலை நான் ஒருத்தன்தான் செய்வேன் என்று நினைத்தேனோ?

துரை ஒரு காகிதத்தை எடுத்து முன்னால் வைத்தார். ஆசிட், சதி என்பதெல்லாம் தனக்கும் பிடிக்காத பேச்சு என்றார். கவனக்குறைவு என்று ஆகிவிட்டால் போலீசுக்கு அதில் வேலையில்லை, இன்றைக்கே ஆளனுப்பிப் புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், பலவேசமும் மறுபடி வேலைக்கு வரலாம். ஆனால் கவனக்குறைவு என்றால் பொறுப்பில் இருந்தவருடைய கவனக்குறைவாக இருக்க வேண்டும். கம்பெனிக்கு ஒரு பெயர் எழுதியாக வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் குரல் தணிந்துதான் இருந்தது. முகத்தைப் பார்க்கவில்லை.

தேவசிகாமணி பேனாவை எடுத்தார். புளியை அப்பச் சொன்னது நான், பலவேசம் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டுச் செய்தான், அவன்மேல் குற்றமில்லை என்று எழுதினார். அதுவரைக்கும் சத்தியம். எழுத எழுத நெஞ்சு லேசாகிற மாதிரிகூட இருந்தது. அடுத்த வரியைத் துரை சொல்லச் சொல்ல எழுதினார்: அந்தப் புளியே சக்கரத்தை அரித்தது, வேறு காரணமில்லை. அந்த ஒரு வரியில் கை நின்றுவிட்டது. கண்ணால் கண்டதை இல்லை என்று தன் கையாலேயே எழுத வேண்டும். வாசலில் அன்னத்தாய் உட்கார்ந்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது. எழுதிக் கையெழுத்துப் போட்டார். பதினேழு வருஷ வேலை போயிற்று, ஆலை கொடுத்த வீடு போயிற்று. இனி ஜில்லாவில் எந்த ஆலையிலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள். சக்கரத்தைப் புளி போட்டுக் கெடுத்த பிட்டர் என்று பேர் அவருக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்ச் சேரும்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பலவேசம் வந்தான். நடந்தேதான் வந்தான். இடது காது வீங்கி, காதுக்குள் பஞ்சு வைத்திருந்தது. தேவசிகாமணி வீட்டு வாசலில் நின்றான். உள்ளே கெசியா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அடிக்கும்போது ஒங்க பேரு வாயில வரப் பாத்துது அண்ணாச்சி" என்றான் பலவேசம். "பல்லக் கடிச்சிக்கிட்டேன்."

தேவசிகாமணி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பேசாம நின்னேன் லே. என்ன மன்னிச்சிரு" என்றார். அவன் சாக்குக் கட்ட உதவிக்குப் போனான்.

திங்கட்கிழமை விடிகாலையில் சாமான்களை ஏற்றிய வண்டி ஆழ்வார்குறிச்சி ஸ்டேஷனுக்குக் கிளம்பியது. வழியனுப்பப் பலவேசமும் அன்னத்தாயும் கூட நடந்தார்கள். ஆலைச் சங்கு ஊதியது, மதகைத் திறந்துவிட்டார்கள், சக்கரம் ஓட ஆரம்பித்தது. பாதை கழிவாய்க்காலை ஒட்டித்தான் போகும். வாய்க்காலின் வாய் வந்ததும் தேவசிகாமணி வண்டியை நிறுத்தச் சொன்னார்.

வாயில் குறுக்காக இரண்டு பலகை. புதுத் தேக்கு, ஞாயிற்றுக்கிழமையோடு ஞாயிற்றுக்கிழமையாகத் தச்சன் போட்டிருக்கிறான், இழைப்புச் சுருள்கூட இன்னும் கரையில் கிடந்தது. தண்ணீர் இரண்டடி ஏறி, பலகைக்கு மேலே அமைதியாக வழிந்துகொண்டிருந்தது.

வண்டியிலிருந்து இரும்புக் கம்பியை உருவிக்கொண்டு கரையில் இறங்கினார். குழியிலிருந்து வருகிற கீழ்க்குழாயின் முனை அங்கே கற்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும். கம்பியை அதில் வைத்துப் பல்லில் கடித்தார். வெகுநேரம் கடித்துக்கொண்டே நின்றார். கன்னத்தில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. பிறகு கம்பியைப் பலவேசத்திடம் நீட்டினார்.

"எனக்கு இந்தக் காது அடைச்சிக்கிட்டு அண்ணாச்சி. ஒண்ணும் கேக்க மாட்டேங்கு."

"பல்லால கேளுலே."

பலவேசம் கடித்துக் கேட்டான். புருவத்தைச் சுருக்கினான். கம்பியை இன்னொரு இடத்தில் வைத்து மறுபடி கேட்டான். "கல்லு கொட்டுத சத்தத்தக் காணோமே அண்ணாச்சி" என்றான். "யாரு நிறுத்துனா?"

"லோகன் துரைதான்" என்றார் தேவசிகாமணி.

அன்னத்தாய் பலகைகளைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. கம்பியை நீயே வச்சிக்கோ என்று பலவேசத்திடம் சொல்லிவிட்டு அவர் வண்டியில் ஏறினார். ஸ்டேஷனுக்கு இன்னும் அரைமணி நேரப் பாதை இருந்தது.